பெரியப்பாவின் பேரேட்டு நோட்டுகள்: ஒரு படக்கதைக்காரர் வேலை செய்த விதம்

#1 பாம்பன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வந்து படித்துவிட்டுப் போகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். படகுகளுக்குப் பெயர் எழுதுவது அவர் தொழில். பாம்பன், மண்டபம், ராமேசுவரம் மூன்று கரையிலும் விசைப்படகு முகப்பில் பெயர், பதிவெண், மாதா படம், முருகன் படம் என்று நாற்பது வருடம் எழுதியவர். பகலில் எனாமல் பெயின்ட், ராத்திரியில் இந்தியன் இங்க். ராத்திரி வேலை படக்கதை. சிறுவர் பத்திரிகை ஒன்றில் அவருடைய இரண்டு சின்னக் கதைகள் வந்தன. அதற்கப்புறம் எதுவும் அச்சாகவில்லை. ஆனாலும் கடைசி வரைக்கும் வரைந்துகொண்டே இருந்தார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என்ன வரைந்தார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அவருடைய டிரங்குப் பெட்டியில் 9 நோட்டுகள் இருந்தன. எல்லாம் மீன் ஏலக் கணக்கு எழுதுகிற நீளப் பேரேடு. என் அப்பா ஏலக்கடையில் கணக்கு எழுதியவர். மிச்சமான நோட்டுகளை அவரிடம் வாங்கி வைத்திருக்கிறார் பெரியப்பா. பேரேட்டில் தேதி, விவரம், கூடை, ரூபாய், பைசா என்று சிவப்புக் கோடு போட்டுப் பிரித்திருக்கும் இல்லையா? அந்தக் கோடுகளையே கட்டங்களாக எடுத்துக்கொண்டார். விவரம் எழுதும் அகலமான இடத்தில் கடல், கரை, ஆள் கூட்டம். பைசா எழுதும் ஒல்லியான இடத்தில் நெட்டுக்கு நிற்கிற பொருள்கள்: பனைமரம், கலங்கரை விளக்கம், பாலத்துத் தூண், தலையில் குடத்தோடு ஒரு பெண். கணக்கு நோட்டு கட்டம் பிரித்துத் தருகிறது, அதற்குள் எதை நிறுத்தலாம் என்று இவர் தேடியிருக்கிறார்.

9 நோட்டிலும் ஒரே கதைதான். 1964 டிசம்பர் 22, புயல் அடித்த ராத்திரி, தனுஷ்கோடி. ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு குடும்பம். மொத்தம் 48 பக்கம் என்று முதல் நோட்டின் அட்டைக்குள்ளேயே எழுதி வட்டம் போட்டிருக்கிறார். 41 பக்கம் ஏதோ ஒரு நிலையில் இருக்கிறது. கடைசி 7 பக்கத்தில் கட்டம் மட்டும் இருக்கிறது, உள்ளே படம் இல்லை.

எனக்கு மூன்று சந்தேகம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் சின்னதாக ஓர் எழுத்து இருக்கிறது: வா, கொ, சோ, க. இந்த நாலில் ஒன்று கட்டாயம் இருக்கும். அது என்ன? கடைசி 7 பக்கத்தில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். என் மூத்த அண்ணன், ஒரு நல்ல ஓவியரைப் பிடித்து மிச்சத்தை வரையச் சொல்லிப் புத்தகமாகப் போட்டுவிடலாம் என்கிறார். செய்யலாமா? அப்புறம், பாதி நோட்டில் ராமபாணப் பூச்சி விழுந்திருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

#2 கீழக்கரை வாசகன்

தம்பி, படிக்கும்போதே கை நடுங்குகிறது. நான் 1970-களிலிருந்து சேர்க்கிறவன். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது, 1984-ல் லயன், அதே வருடம் ராணி காமிக்ஸ். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும். சங்கு குளிக்கப் போகும் மச்சான்மார்கூட வாங்கிப் படிப்பார்கள். அதில் பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகள், நம் எடிட்டர்கள் தமிழ் கொடுத்தார்கள். அந்தத் தமிழை நான் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் நம் கரையில் உட்கார்ந்து, நம் கரையைப் பற்றி, கட்டம் கட்டமாக யோசித்த ஒருவருடைய வேலை நோட்டை நான் பார்த்ததே இல்லை.

அந்த எழுத்துகள் கதாபாத்திரங்களின் முதல் எழுத்தாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் யார் பேசுகிறார் என்பதற்காக.

ஒரு பக்கத்தையாவது போட்டோ போடுங்கள் தம்பி.

#3 சிவகாசி மை

முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் கேமரா ரூமிலும் பிளேட் ரூமிலும் இருந்தவன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

48 பக்கம் என்பது சும்மா வந்த எண் இல்லை. ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம். பெரிய தாளில் இந்தப் பக்கம் 8, அந்தப் பக்கம் 8 அடித்து மடித்தால் 16. மூன்று ஃபாரம் 48. முதல் நோட்டின் அட்டையிலேயே அதை எழுதியிருக்கிறார் என்றால் உங்கள் பெரியப்பா அச்சுக்குப் போகும் புத்தகத்தைத்தான் நினைத்திருக்கிறார். கதை நீளுகிறதே என்று 50-வது பக்கம் சேர்க்க முடியாது, இன்னொரு ஃபாரம் போட்டாக வேண்டும். படக்கதை எழுதுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய கணக்கு இது.

அடுத்தது, பென்சில் என்ன நிறம் என்று பாருங்கள். வெளிர்நீலப் பென்சிலில் வரைந்து அதன்மேல் கறுப்பு மை போட்டிருந்தால் அவருக்கு அச்சகக் கேமராவில் போடும் லித்தோ ஃபிலிம் தெரியும். அந்த ஃபிலிம் வெளிர்நீலத்தை வெள்ளையாகத்தான் எடுக்கும், சிவப்பைக் கறுப்பாக எடுத்துவிடும். அதனால் நீலத்தில் எவ்வளவு கிறுக்கினாலும் அழிக்கவே வேண்டாம். பேரேட்டின் சிவப்புக் கோடு அச்சில் கறுப்பாக விழும், அதையே அவர் கட்டத்தின் பார்டராக வைத்துக்கொண்டது அதனால்கூட இருக்கலாம்.

எழுத்துகள் நிறக் குறிப்பு என்று நினைத்தேன். க என்றால் கறுப்பு சரி. வா, கொ, சோ என்று எந்த மையும் கிடையாது. அது பொருந்தவில்லை.

#4 பாம்பன்வாசி

ஐயா, நீலப் பென்சில்தான்! நான் பேனா மை ஒழுகிய கறை என்று நினைத்திருந்தேன். ரொம்ப நன்றி.

கீழக்கரை அண்ணே, கதாபாத்திரம் இல்லை. ஆளே இல்லாத கட்டத்திலும் எழுத்து இருக்கிறது. போட்டோ போட அண்ணனிடம் இன்னும் சம்மதம் வாங்கவில்லை, அதுவரை எழுத்தில் சொல்கிறேன். 4-ஆம் நோட்டில் ஒரே ஒரு காட்சியை ஏழு தடவை வரைந்திருக்கிறார். சாயங்காலம், ஓலைவீடு, அம்மா அடுப்படியில் இருக்கிறாள், சின்ன மகள் வாசலில்.

முதல் தடவை ஆறு கட்டம். அம்மா வானத்தைப் பார்க்கிறாள், "மழை வரப்போகுது, உள்ள வா" என்கிறாள், மகள் வருகிறாள், கதவு சாத்துகிறாள். இரண்டாவதில் வானத்தைப் பார்ப்பதை எடுத்துவிட்டார். மூன்றாவதில் வசனம் போய்விட்டது, ஓரத்தில் 'மார்கழியில் மழை என்று சொல்லவா வேண்டும்' என்று தனக்கே எழுதியிருக்கிறார். நாலாவதில் மகளின் முகம் பெரிதாக வருகிறது, அதன்மேல் பெருக்கல் குறி. ஐந்தும் ஆறும் அடுப்புப் புகை மட்டும், வெவ்வேறு பக்கம் சாய்ந்து. ஏழாவது மொத்தமே மூன்று கட்டம். அடுப்பு. வாசலில் காயும் கருவாட்டை மகள் ஓலைப்பெட்டியில் அள்ளுகிறாள். பைசாக் கட்டத்தில், மூலையில் சாத்தி வைத்த துடுப்பு. அவ்வளவுதான். அப்பா கடலுக்குப் போகவில்லை என்பது அந்தத் துடுப்பால் தெரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை இல்லை.

ஏழாவது நன்றாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

2-ஆம் நோட்டில் பழைய பாம்பன் பாலம் திறப்பதை ஒன்பது கட்டமாக வைத்திருக்கிறார். 1914-ல் திறந்த பாலம், நடுவில் இரண்டு இறக்கையாக மேலே தூக்கும், ஆட்கள் சுற்றிச் சுற்றிக் கையால் திருகி. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு நேராக மேலே போகிறது. அந்த ஒன்பது கட்டத்தில் பாலத்தை அவர் ஏழாவது கட்டம் வரைக்கும் காட்டவே இல்லை. திருகுகிற ஆட்களின் முதுகும் தோளும்தான்.

#5 கோட்டோவியம்

வணக்கம் அண்ணே. சாயல்குடிப் பக்கம்தான் எனக்கு ஊர், இப்போது சென்னையில் படக்கதை வரைகிறேன். நீங்கள் விவரித்த ஏழு தடவையை நான் மூன்று முறை படித்தேன்.

நாங்கள் கதையை முதலில் தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னப் படமாகப் போட்டுப் பார்ப்போம். ஜப்பானில் அந்த நிலைக்குத் தனிப் பெயரே உண்டு, 'நேமு' என்பார்கள். அங்கே எடிட்டர் பார்த்து ஒத்துக்கொள்வதே அதைத்தான், அழகான படத்தை இல்லை. இந்த நிலையில் வரையத் தெரிவதைவிட எடுத்துப்போடத் தெரிவதுதான் பெரிய வேலை. உங்கள் பெரியப்பா ஆறு கட்டத்தை மூன்றாக்கியிருக்கிறார். எடுத்த மூன்று கட்டமும் படிக்கிறவன் மனதில் தானாக நடந்துவிடும். இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளிதான் நம் ஊடகத்தின் உயிர். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

டின்டின் காமிக்ஸ் வரைந்த எர்ஜே பற்றி ஒன்று. அவர் கோடு அவ்வளவு சுத்தமாக இருக்கும், ஒரே மூச்சில் இழுத்த மாதிரி. ஆனால் அவருடைய பென்சில் தாள்களைப் பார்த்தால் ஒரு கைக்கு இருபது கோடு இருக்கும், தாள் கிழிகிற அளவுக்கு. அந்த இருபதில் எது உயிரோடு இருக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் வேறு தாளில் பிரதி எடுப்பார்.

இதற்கு நேர் எதிராகவும் வேலை செய்திருக்கிறார்கள். லயன், முத்துவில் நாம் 'கேப்டன் டைகர்' என்று படித்தோமே, அதை வரைந்த ஜான் ஜிரோ. அந்தக் கதையில் எல்லாம் திட்டமிட்ட எழுத்து, துல்லியமான படம். அதே ஆள் மோபியஸ் என்ற பெயரில் 1976-ல் ஒரு தொடரை அடுத்த பக்கம் என்ன வரும் என்றே தெரியாமல் ஆரம்பித்து மூன்று வருடம் கொண்டுபோனார். ஆக, நோட்டு இல்லாமலும் படக்கதை வரும். ஆனால் நடந்த சம்பவத்தை எடுத்துக்கொண்டால் அப்படிப் போக முடியாது என்பது என் எண்ணம். ஆர்ட் ஸ்பீகல்மன், நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய தன் அப்பாவை உட்காரவைத்து டேப்பில் பதிவுசெய்து, அதை வைத்துத்தான் 'மாஸ்' வரைந்தார். அதற்கு 1992-ல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. வழக்கமாக எல்லோரும் பெரிதாக வரைந்து அச்சில் சுருக்குவார்கள், சுருங்கும்போது கோட்டின் நடுக்கம் மறையும். அவர் புத்தகத்தில் வரும் அதே அளவில், சாதாரண டைப் அடிக்கும் தாளில், இங்க் பேனாவால் வரைந்தார். கையெழுத்துப் போல இருக்கட்டும் என்று.

உங்கள் பெரியப்பா பேரேட்டில் வரைந்ததை அந்த வரிசையில்தான் நான் வைக்கிறேன். ஒரு உதவி: வலது பக்கத்தின் கடைசிக் கட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தாளைத் திருப்ப வைக்கிற கட்டம் அதுதான்.

#6 தொண்டி டீச்சர்

ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குப் போயிருக்கிறீர்களா? பிள்ளைகளை வருடா வருடம் கூட்டிப்போகிறேன். 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், சேதுபதிகள் காலத்தில் சுவர் முழுக்க வரைந்தது. ராமாயணம், பாகவதம், மராட்டியரோடு போர், வெள்ளைக்காரர்கள் வந்து பார்ப்பது எல்லாம் பட்டை பட்டையாகப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். சில காட்சிகளுக்குக் கீழே தமிழில் எழுதியும் இருக்கிறது. ஒரே பட்டையில் அதே ஆள் திரும்பத் திரும்ப வருவார், நாம் நடந்தால் கதை நடக்கும். போன தடவை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், இது காமிக்ஸ்தானே" என்றான். நான் ஆமாம் என்றேன். இப்போது நினைத்தாலும் அது சரியான பதில்தான்.

பள்ளியில் ஒரு பயிற்சி வைப்பேன். 'நீ வீட்டுக்குப் போகிற வழியை ஆறு கட்டத்தில் வரை.' முதல் தடவை எல்லோரும் பள்ளி, ரோடு, கடை, ரோடு, தெரு, வீடு என்று வரைவார்கள். அப்புறம், 'மூன்று கட்டம்தான், ஆனால் உன் வீடு என்று எனக்குத் தெரிய வேண்டும்' என்பேன். அப்போதுதான் முகத்தில் யோசனை வரும். ஒரு பெண் பிள்ளை, வாசலில் கிழிந்த வலையை அவள் அத்தா கால் கட்டைவிரலில் மாட்டிப் பின்னுவதை வரைந்தாள். பாதம் மட்டும், ஆள் இல்லை. உங்கள் பெரியப்பாவின் துடுப்பைப் படித்தவுடன் எனக்கு அந்தப் பாதம்தான் ஞாபகம் வந்தது.

ராமபாணத்துக்கு: நோட்டை வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் மொறுமொறுவென்று ஆகிவிடும். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். செல்லோடேப் ஒட்டவே கூடாது, லேமினேஷன் அதைவிட மோசம். மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, தாளுக்குத் தாள் நடுவில் சுத்தமான வெள்ளைத் தாள் வைத்து, தரையிலிருந்து உயரத்தில், சுவரில் படாமல் வையுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் சுவர் எப்போதும் ஈரம்.

#7 வடகடல்

மண்டபத்துக்காரன். படகு வைத்திருக்கிறேன், கதைப் புத்தகம் அதிகம் படித்ததில்லை. என் மகன் இந்தப் பேச்சைக் காட்டினான்.

தம்பி, அது காற்று.

வா என்றால் வாடை, வடக்கே இருந்து வருவது. கொ என்றால் கொண்டல், கிழக்கே இருந்து. சோ என்றால் சோளகம், தெற்கே இருந்து. க என்றால் கச்சான், மேற்கே இருந்து. வேறு என்னவாக இருக்க முடியும்? நாலு எழுத்து, நாலு காற்று. நம் ஆட்கள் காலையில் எழுந்தவுடன் முதலில் கேட்பது அதைத்தானே. பாம்பன்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கடல். ஆடியில் தென்கடல் அடிக்கும், மார்கழியில் வடகடல் அடிக்கும். காற்றைப் பார்த்துத்தான் படகை எந்தப் பக்கம் கட்டுவது என்று முடிவு செய்வோம். படகுக்குப் பெயர் எழுதுகிறவருக்கும் காற்றைப் பார்க்காமல் முடியாது. பெயின்ட் காயும் முன் மணல் வந்து அப்பிவிடும்.

அந்த எழுத்து இருக்கும் கட்டத்தில் புகை, பாய், சேலை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

#8 பாம்பன்வாசி

அண்ணே!

நேற்று ராத்திரி இரண்டு மணி வரைக்கும் 9 நோட்டையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான். ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை. தனுஷ்கோடித் தெருவின் வரைபடம் ஒன்றை 1-ஆம் நோட்டில் போட்டு வடக்கு எது என்று குறித்திருக்கிறார். அதற்கப்புறம் எந்தக் கட்டத்தை எந்தக் கோணத்தில் வரைந்தாலும், அந்த வீதியில் அந்தக் காற்று எப்படி வருமோ அப்படித்தான் புகை சாய்கிறது. வா என்று போட்ட இடத்தில் வடக்குப் பக்கத்து ஓலைத்தட்டி உள்வாங்கி வளைந்திருக்கிறது. தெற்குத்தட்டி வெளியே உப்பியிருக்கிறது. அதே வீட்டை எதிர்ப்பக்கமிருந்து காட்டும்போது இரண்டும் இடம் மாறுகின்றன. 4-ஆம் நோட்டில் அடுப்புப் புகையை இரண்டு தடவை தனியாக வரைந்தாரே, அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. முதலில் தப்பான பக்கம் போட்டுவிட்டார்.

காற்றுக்குப் பேச்சுக் குமிழ் கிடையாது. ஆனால் 41 பக்கத்திலும் அது பேசிக்கொண்டே இருக்கிறது. படிக்கிறவருக்கு ஏன் என்று தெரியாமலே பயம் ஏறும். எனக்கு முதல் தடவை பார்த்தபோதே ஏறியது.

கோட்டோவியம் தம்பி கேட்டதையும் பார்த்தேன். வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் யாராவது காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள். அல்லது ஒரு நாய் தலையைத் தூக்குகிறது. என்ன கேட்டது என்பது தாளைத் திருப்பினால்தான் தெரிகிறது.

இனி கடைசி 7 பக்கம். கேள்விக்குறிக்குப் பக்கத்தில் ரொம்பப் பொடியாகப் பென்சில் எழுத்து இருக்கிறது, லென்ஸ் வைத்துப் படித்தேன். ஆட்களைப் போய்க் கேட்டிருக்கிறார். 'பாம்பன் பெரியவர்: வாடை, விடியும் வரை.' 'முகுந்தராயர் சத்திரம்: கொண்டல்தான், சத்தியம் பண்ணுகிறார்.' 'ராமேசுவரம் பாட்டி: முதலில் வாடை, பிறகு நின்றது, பிறகு தெரியாது.' இப்படிப் பதினொரு பேர். ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. பதினொன்றாவது ஆளுக்குக் கீழே கோடு போட்டு 'இன்னும் கேட்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். பேனாவும் பென்சிலும் மாறி மாறி இருப்பதைப் பார்த்தால் ஒரே வருடத்தில் கேட்ட மாதிரி தெரியவில்லை.

#9 வடகடல்

பதினொரு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். புயல் சுழன்று வருவது. நம் பக்கத்தில் அது இடஞ்சுழியாகத்தான் சுற்றும். அது நகர நகர, ஒரே இடத்தில் நிற்கிறவனுக்குக் காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். பாம்பனில் நின்றவனுக்கு ஒன்று, சத்திரத்தில் நின்றவனுக்கு வேறு. ஒருவன் பத்து மணிக் காற்றைச் சொல்வான், ஒருவன் மூன்று மணிக் காற்றைச் சொல்வான். கடிகாரம் யாரிடம் இருந்தது?

#10 கீழக்கரை வாசகன்

சுபஹானல்லாஹ். நான் எத்தனை ஆயிரம் கட்டம் பார்த்திருப்பேன், காற்றை வைத்து ஒருவர் கதையைக் கட்டியதைப் பார்த்ததில்லை.

நான் நேராகவே சொல்கிறேன், அண்ணன் சொல்வதுதான் சரி. முடித்துப் புத்தகமாகப் போடுங்கள். அந்த ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. பாம்பன் பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் திரும்ப நிறுத்தினார்கள், அதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். ஊரை யாரும் நிறுத்தவில்லை. வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டார்கள். இப்போது சுற்றுலா வருகிற பிள்ளைகள் இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கையில் இந்தப் புத்தகம் இருந்தால் எப்படி இருக்கும்! முடியாத கதையை யார் வாங்குவார்கள்? 41 பக்கம் போட்டு, மிச்சம் 7 வெள்ளையாக விட்டால் அச்சுப் பிழை என்று திருப்பிக் கொடுப்பார்கள். பெரியவர் நாற்பது வருடம் உழைத்தது பெட்டியில் கிடக்கவா?

#11 கோட்டோவியம்

கீழக்கரைக் காக்கா, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

எர்ஜே 1983 மார்ச்சில் இறந்தபோது ஒரு டின்டின் கதை பாதியில் நின்றது. பெயர் 'ஆல்ஃப் ஆர்ட்'. டின்டினைப் பிடித்து உயிரோடு சிலையாக வார்க்கப்போகிற இடத்தில் பென்சில் நின்றுவிடுகிறது. முடிக்க ஆள் இல்லாமல் இல்லை. அவர் ஸ்டூடியோவிலேயே கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் 1986-ல் கிறுக்கலும் குறிப்பும் எப்படி இருந்ததோ அப்படியே புத்தகமாக வந்தது. நான் வரையக் கற்றுக்கொண்டது முடிந்த டின்டின் கதைகளைவிட அந்த முடியாத தாள்களிலிருந்துதான் அதிகம். ஒரு முகத்தை வட்டமாகவும் இரண்டு புள்ளியாகவும் மட்டும் போட்டிருப்பார், ஆனாலும் யார் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று தெரியும்.

இன்னொரு காரணம், என் தொழில் சார்ந்தது. அந்த 7 பக்கத்தை என்னிடம் கொடுத்தால் நான் இரண்டு மாதத்தில் முடித்துவிடுவேன். அலை, ரயில், கூக்குரல், மின்னல் எல்லாம் போட்டு நன்றாகவே முடிப்பேன். பதினொரு பேரைக் கேட்டும் காற்றின் பக்கம் தெரியாததால் அவர் வரையவில்லை. நான் கேட்காமலே வரைந்துவிடுவேன். முந்தைய 41 பக்கத்தில் புகை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அத்தனை பேரைக் கேட்டு, சரிபார்த்து வந்த கதைக்கு அது பெரிய துரோகம் என்று படுகிறது.

#12 சிவகாசி மை

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதலில் நோட்டு பத்திரமாகட்டும், மற்றது பிறகு.

ஸ்கேன் எடுக்கும்போது மை போட்ட பக்கங்களை அங்குலத்துக்கு 600 புள்ளியில், கலரில், டிஃப் ஃபைலாக எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீலப் பென்சில் போய்விடும். எங்கள் காலத்தில் அது போகத்தான் வேண்டும் என்று பாடுபட்டோம், இப்போது அதுதான் பொக்கிஷம். பேரேடு கனமான பைண்டிங், ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு விட்டுவிடும். நோட்டைப் பாதி மட்டும் திறக்கிற மாதிரி இரண்டு பக்கமும் துணி மூட்டை முட்டுக் கொடுத்து, மேலே கேமராவை வைத்து எடுங்கள். எந்தத் தாளிலாவது ஒட்டுத்துண்டு இருந்தால் அதற்கு ஒரு படம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள், அப்போதுதான் எதன்மேல் எதை ஒட்டினார் என்று தெரியும்.

நிரந்தரமாக வைக்க இடம் வேண்டும் என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து பிறந்த நூலகம் அது. அவரும் போர்டு எழுதும் ஓவியர்தான், உங்கள் பெரியப்பாவுக்குத் தொழில்வழிச் சொந்தம்.

#13 வடகடல்

தம்பி, என் அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. தனுஷ்கோடியில்தான் வீடு. இப்போது மண்டபத்தில் என்னோடு இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல், மற்றபடி ஞாபகம் நன்றாக இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். நான் கேட்டுப் பார்த்தேன், "கொண்டு வரச் சொல்லு" என்றார். வெள்ளிக்கிழமை தவிர எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார்.

#14 தொண்டி டீச்சர்

பாம்பன் தம்பி, போகும்போது நோட்டில் எதுவும் எழுதாதீர்கள். தனித்தாளில் எழுதுங்கள். அவரைப் பேச விடுங்கள், கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம்.

#15 பாம்பன்வாசி

ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். அம்மா வெளியே வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டார். நோட்டை மடியில் வைக்கச் சொல்லி, கையால் தடவித் தடவிப் பார்த்தார். நானும் வடகடல் அண்ணனும் ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லிக்கொண்டே வந்தோம்.

4-ஆம் நோட்டில் கருவாடு அள்ளும் கட்டத்தில் நிறுத்தச் சொன்னார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது சூடை. அன்னைக்குச் சூடைதான் காயப்போட்டிருந்தோம், எல்லார் வீட்லயும்" என்றார். பெரியப்பாவுக்கு இதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பதினொரு பேரில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஓலைப்பெட்டி மட்டும் சரியில்லை என்றார். அவர்கள் வீட்டில் சாக்கில்தான் அள்ளுவார்களாம்.

காலியான 7 பக்கத்துக்கு வந்தபோது, காற்று எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். டீச்சர் சொன்னதை மீறிவிட்டேன், மன்னியுங்கள். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எந்தப் பக்கம்னு வெளிய நின்னவங்களுக்குத்தான தெரியும். நாங்க உள்ள இருந்தோம். எங்கம்மா என் தலைய அமுக்கிப் பிடிச்சிருந்தா. சேலை வாசம்தான் தெரியும். பொறவு தண்ணி."

அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்கள். கிளம்பும்போது, 7 பக்கமும் அப்படியே இருக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீ படிச்சுக் காட்டுனதுலயே எனக்கு எல்லாம் வந்துருச்சுப்பா" என்றார்.

தனித்தாளில் தேதி போட்டு 12 என்று எண் கொடுத்து எழுதி வைத்திருக்கிறேன். நோட்டுக்குள் செருகவில்லை, பக்கத்தில் ஒரு கவரில் இருக்கிறது. அண்ணனிடமும் பேசினேன். முதலில் ஸ்கேன், அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்வோம் என்று ஒத்துக்கொண்டார், போட்டோ போடவும் சம்மதித்தார். நாளைக்கு 4-ஆம் நோட்டின் ஏழு தடவையையும் வரிசையாகப் போடுகிறேன்.

சிவகாசி ஐயா, ஒரு சந்தேகம். 6-ஆம் நோட்டில் மூன்று தாள் மைதா பசையால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே நீலப் பென்சில் தெரிகிறது. அதைப் பிரிக்காமல் எடுக்க வழி உண்டா?

#16 சிவகாசி மை

பிரிக்க வேண்டாம் தம்பி. தாளுக்குப் பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் தெரியும். அடுத்த வாரம் மகள் வீட்டுக்கு ராமநாதபுரம் வருகிறேன். பாம்பன் வந்து நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் அதைத் தொடாதீர்கள்.